அடிபட்டவரைத் தூக்கி வந்தவர்கள்: போர்க்கள மீட்பும் வீரத்தின் பதிவேடும்

1. கேள்வி

குண்டு பாயும் வெளியில் விழுந்து கிடக்கும் தோழனைத் தூக்கிவரச் செல்லும் படைவீரனின் செயலை வீரம் என்று எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அது எவ்வகை வீரம், அதை யார் கண்டு சொல்ல வேண்டும், எந்த ஏட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதிவைக்க வேண்டும் என்னும் இடத்தில் இலக்கண நூல்களும் படைத்தலைமைகளும் அரசுகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத விடைகளையே தந்துள்ளன. பகைவரின் அரணைப் பிடித்தவனுக்கு அந்த அரணே சான்றாக நிற்கிறது. மீட்டவனுக்கு மிஞ்சும் சான்று, பிழைத்துக்கொண்ட மனிதன் ஒருவன் மட்டுமே. அவனும் நினைவு தப்பிய நிலையிலோ இருட்டிலோ தூக்கி வரப்பட்டிருப்பானாதலால், தன்னைச் சுமந்த தோள் யாருடையது என்று அவனுக்கே தெரியாமல் போவதுண்டு.

இக்கேள்வியைக் காரைக்காலில் நின்று பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. காவிரிக் கழிமுகத்தில், அரசலாற்றின் கரையில், கிழக்கே கடலும் பிற திசைகளில் தமிழ்நாட்டு நிலமும் சூழ அமைந்த இப்பகுதி, 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பிய ஆண்டுகள் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இதனால், ஒரே ஆற்றுநீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்த இளைஞர்களுள் நாகூரிலும் தரங்கம்பாடியிலும் பிறந்தவன் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும், திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் பிறந்தவன் பிரெஞ்சுப் படைக்கும் போனான். இரு படைகளும் வீரத்தை எழுதிவைத்த முறை வேறுவேறு. எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் இருந்த அந்த இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, மீட்புச் செயல் எங்கே பதிவாகிறது, எங்கே நழுவுகிறது என்பது தெளிவாகிறது.

இக்கட்டுரையின் துணிபு இதுதான்: மீட்பு வீரம் ஏட்டில் ஏறியதும் ஏறாமல் போனதும் அச்செயலின் அளவைப் பொறுத்து அமையவில்லை; மீட்கப்பட்டவர் யார், கண்டவர் யார், மீட்டவரின் படிநிலை எது என்னும் மூன்றைப் பொறுத்தே அமைந்தது.

2. தார்நிலைக்கும் காஞ்சிக்கும் இடையே

தமிழில் போரை இலக்கணப்படுத்திய முதல் நூலான தொல்காப்பியம், புறத்திணையியலில் இக்கேள்வியை இரு துண்டுகளாக்கிக் கையாள்கிறது. வேந்தர் இருவர் களம் குறித்துப் பொரும் தும்பைத் திணையில் தார்நிலை என்றொரு துறை உண்டு. தன் வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்டபோது, வேறிடத்தில் பொருதுகொண்டிருந்த ஒருவன் தனியாக மீண்டுவந்து அவர்களை எறிந்து விலக்குவது அது. இடருற்றவனை நோக்கித் திரும்பி ஓடும் செயல் இங்கே வீரத்தின் ஒரு வகையாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் மீட்கப்படுபவன் வேந்தன் என்பதையும், மீட்கும் முறை கொல்லுதல் என்பதையும் மறந்துவிடலாகாது.

புண்பட்டவன் தனியே வருவது காஞ்சித் திணையில். நிலையாமையைப் பொருளாகக் கொண்ட அத்திணையில், காக்கச் சுற்றம் இல்லாத புண்பட்டவனைப் பேய் காத்து நிற்கும் பேய்ப்பக்கமும், புண்பட்ட கணவனைப் பேய் அணுகாமல் மனைவி காக்கும் தொடாக்காஞ்சியும் துறைகளாக உள்ளன. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் காட்சி இதன் விரிவு: வீட்டில் வேப்பிலை செருகி, யாழ் இசைத்து, வெண்கடுகு தூவி, புகை எழுப்பி, காஞ்சி பாடிப் புண்பட்டவனைக் காக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் புண்ணைத் தைத்த ஊசி வருகிறது. நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்குகள் அசையும் பாசறையில், விழுப்புண் பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காணப் புறப்படுகிறான்.

இவ்விடங்களைக் கொண்டு பழந்தமிழகத்தில் படை மருத்துவத் துறையே இயங்கியது என எழுதுவோர் உளர். சான்றுகள் அந்த அளவுக்கு இடம் தரவில்லை. ஊசியும் வேப்பிலையும் விளக்கும் வீட்டிலோ பாசறையிலோ இருக்கின்றன. விழுந்த இடத்திலிருந்து அங்கே அவனைக் கொண்டுவந்தது யார் என்பதை மேற்கண்ட பாட்டுகள் எதுவும் நின்று சொல்லவில்லை. களத்தில் அவன் வீரன், பாசறையில் அவன் புண்பட்டவன். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த வழி பேசப்படவில்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாடிவைத்த அம்மையாரின் ஊரில் இருந்து படிக்கும்போது, ஆளில்லாத புண்பட்டவனுக்குப் பேயாவது துணை நிற்கட்டும் என்று இலக்கணம் ஒரு துறையை ஒதுக்கியிருப்பது நெஞ்சைத் தொடுகிறது. எனினும் தூக்கிச் சுமந்தவனுக்குத் துறை இல்லை என்பதே கண்டறிய வேண்டிய செய்தி.

3. வெள்ளியும் வெண்கலமும்

கம்பெனிப் படைகளிலும் அவற்றின் வழிவந்த பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் அடிபட்டவரைச் சுமந்தவர்கள் டோலி தூக்கிகள். மூங்கிலில் தொங்கவிட்ட படுக்கையே டோலி. சபரிமலை ஏறும் முதியவர்களைச் சுமக்கும் டோலியைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் விளங்கும். படையோடு நடந்தும் படையினராகக் கருதப்படாத இவர்கள், சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், மாடு ஓட்டுவோர் ஆகியோரோடு சேர்த்துப் பின்தொடர்வோர் என வகைப்படுத்தப்பட்டனர். கையில் ஆயுதம் இல்லை. குண்டு மட்டும் அவர்கள் மேலும் பாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படையெடுப்புப் பதக்கங்கள் வழங்கப்பட்டபோது, அதே படையெடுப்பில், அதே மலைச்சரிவில் இருந்த சிப்பாய்க்கு வெள்ளியிலும் பின்தொடர்ந்தவனுக்கு வெண்கலத்திலும் பதக்கம் வார்க்கப்பட்டது. உருவமும் எழுத்தும் ஒன்று, உலோகம் வேறு. மீட்புப் பணியின் மதிப்பு என்னவென்று கருதப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது.

பிரிட்டிஷ் பேரரசின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை 1911இல்தான் இந்தியச் சிப்பாய்களுக்கும் திறந்துவிடப்பட்டது. முதல் உலகப்போரில் இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்த இந்திய, நேபாள வீரர் 11 பேர் அதனைப் பெற்றனர். அவர்களுள் மீர் தஸ்த், குல்பீர் தாப்பா, சட்டா சிங், லாலா ஆகிய நால்வரின் விருதுரைகளில் அடிபட்டவரை மீட்டது முதன்மையான இடம் பெறுகிறது.

இரண்டு செயல்களைச் சற்று அருகில் நின்று காண்பது தகும். 1915 செப்டம்பர் 25 அன்று பிரான்சில், தானும் அடிபட்டிருந்த கூர்க்கா வீரர் குல்பீர் தாப்பா, ஜெர்மானியரின் முதல் அகழிக்குப் பின்னால் படுகாயத்துடன் கிடந்த லெஸ்டர்ஷயர் படைப்பிரிவின் சிப்பாய் ஒருவனைக் கண்டார். தன்னை விட்டுவிட்டுத் தப்பிக்கும்படி அவன் வற்புறுத்தியும் பகலும் இரவும் அவனருகிலேயே இருந்தார். மறுநாள் விடியற்காலை மூடுபனியில் முள்வேலிகளின் ஊடே அவனைக் கொண்டுவந்து ஒரு குண்டுப் பள்ளத்தில் கிடத்தினார். திரும்பிச் சென்று அடிபட்ட கூர்க்காக்கள் இருவரை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவந்தார். பிறகு பட்டப்பகலில், பகைவரின் சூட்டுக்கு நடுவே, முதலில் கண்டவனையும் தூக்கி வந்தார். 1916 ஜனவரி 13 அன்று மெசபொத்தேமியாவின் வாடி என்னுமிடத்தில், திறந்தவெளியில் அடிபட்டு வீழ்ந்த தன் கட்டளை அதிகாரியிடம் ஓடிய சட்டா சிங், புண்ணைக் கட்டியபின் தன்னிடமிருந்த சிறு மண்தோண்டியால் அவரைச் சுற்றி மண்ணைக் குவித்து மறைப்பு உண்டாக்கினார். இருட்டும் வரை ஐந்து மணி நேரம், மறைப்பில்லாத பக்கத்தில் தன் உடலையே வைத்துக் கிடந்தார். இருட்டியபின் ஆள் கூட்டிவந்து அவரைச் சேர்த்தார்.

இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் நால்வரின் விருதுரைகளையும் ஒருசேரப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சட்டா சிங் மீட்டது கட்டளை அதிகாரியை. லாலா மீட்டது பிரிட்டிஷ் அதிகாரிகளை. மீர் தஸ்த் சுமக்க உதவியது பிரிட்டிஷ், இந்திய அதிகாரிகள் எண்மரை. தாப்பா மீட்டவருள் முதல்வன் பிரிட்டிஷ் சிப்பாய். சக சிப்பாயை மட்டும் மீட்ட இந்தியச் சிப்பாய் அந்த ஆண்டுகளில் ஒருவன்கூட இருந்திருக்க மாட்டானா? இருந்திருப்பான்; அவனைப் பரிந்துரைக்கும் பேனா அங்கே இல்லை என்பதே பொருந்தும் விளக்கம். பரிந்துரை அதிகாரியின் கையில் இருந்தது. தான் மீட்கப்பட்டதை அதிகாரி எழுதினார்.

1916இல் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. மேற்குப் போர்முனையின் பிரிட்டிஷ் தலைமை, அடிபட்டோரைக் கவனிப்பதையே கடமையாகக் கொண்டவர்கள் தவிர ஏனையோரை மீட்புச் செயலுக்காக விக்டோரியா சிலுவைக்குப் பரிந்துரைப்பதை நிறுத்தச் சொன்னது. இதைக் கொடுமை என ஒதுக்கிவிடுதல் எளிது. அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். கரடான நிலத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்க நால்வர் வேண்டும். பத்துப் பேர் அடிபட்டு, ஒவ்வொருவரையும் தூக்கத் தோழர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போனால் நாற்பது பேர் அணியிலிருந்து நீங்குவர். எஞ்சியோர் அரணை இழப்பர். அரண் போனால் அடிபட்டவரும் மீட்டவரும் சேர்ந்தே அழிவர். ஆகவே மீட்பைத் தனிப்பணியாக்கி, போரிடுபவனை அதிலிருந்து விலக்க வேண்டும் என்பது தலைமையின் வாதம். நடைமுறையில் விலக்குகள் நிகழ்ந்தன. எனினும் மேற்சொன்ன நான்கு இந்திய விருதுகளும் 1915 ஏப்ரலுக்கும் 1916 ஜனவரிக்கும் இடைப்பட்ட செயல்களுக்கானவை என்பதும், அதன்பின் போர் முடியும்வரை மீட்பை முதன்மையாகக் கொண்ட இந்திய விருது எதுவும் இல்லை என்பதும் கருதத்தக்கன. மறுபுறம், விக்டோரியா சிலுவையை இருமுறை பெற்ற மூவருள் ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் சவாஸ் ஆகிய இருவர் மருத்துவர்கள். வீரம் கடமைப் பட்டியலுக்குள் வந்தபோது, அப்பட்டியலின் மேல்வரியில் இருந்தவர்க்கே அது முதலில் தெரிந்தது.

இவ்வரிசையில் தமிழர் பெயரைத் தேடுவோர், செங்கல்பட்டுச் சீமையின் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனிடம் வந்து சேர்வர். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தன் உடலைப் போட்டுத் தோழர்களைக் காத்து உயிர்விட்டார். அவருக்கு இறப்புக்குப்பின் வழங்கப்பட்டது ஜார்ஜ் சிலுவை. பகைவர் நேர்நில்லாத இடத்தில் காட்டிய துணிவுக்கென 1940இல் நிறுவப்பட்டது அது. கண்ணிவெடியைப் புதைத்துச் சென்றவன் பகைவன். ஆயினும் வெடித்த கணத்தில் அவன் அங்கு இல்லை. காப்பாற்றுவதையே செயலாகக் கொண்ட வீரத்தைப் போர் வீரத்தின் மையத்தில் வைப்பதா, அருகில் வைப்பதா என்ற தயக்கம் இவ்வகைப்பாட்டிலும் தெரிகிறது.

4. சொல்தா வீடுகள்

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரைக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் மக்கள் சொல்தா என்பர். படைவீரன் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் தமிழ் நாக்கில் படிந்த வடிவம் அது. இவர்களுள் பெரும்பகுதியினரின் பின்னணியில் 1881 செப்டம்பர் 21 ஆணை இருக்கிறது. தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க அவ்வாணை வழி செய்தது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான், அதாவது துறந்தவர், எனப்பட்டனர். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் இவ்வாய்ப்பைப் பெருமளவில் பயன்படுத்திக்கொண்டனர். துறந்தவருக்குப் புதிய குடும்பப்பெயரும் அரசுப் பணிக்கான வழியும் கிடைத்தன. படைப்பணி அவ்வழிகளுள் ஒன்று. முதல் உலகப்போரில் பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலிருந்து சென்றோருள் காரைக்காலாரும் இருந்தனர். 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வேன் இப்பகுதிகளைச் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தபின் மீண்டும் ஆள் சென்றது. இந்தோசீனப் போர் 1954இல் முடியும்வரை அது நிற்கவில்லை.

ஊரில் பிணம் சுமப்பதும் சாக்காடு அறிவிப்பதும் எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தன என்பதை அறிந்த வாசகர், அதே சாதியிலிருந்து சென்ற இளைஞன் போர்க்களத்தில் அடிபட்ட ஐரோப்பியனைத் தோளில் சுமந்தபோது அச்சுமத்தலின் பொருள் மாறியதா என்று கேட்பது நேர்மையான கேள்வி. படைத்துறை ஆவணம் அதற்கு விடை தராது. ஆனால் சட்டத்தின் முன் தன் பழைய அடையாளத்தைத் துறந்து புதுப்பெயர் பூண்டவன், புதுப்பெயரிலேயே வீரன் எனக் குறிக்கப்படுவதை எவ்வளவு விரும்பியிருப்பான் என்பதை ஊகிக்க ஆவணம் தேவையில்லை.

பிரெஞ்சு முறை இவ்விடத்தில் பிரிட்டிஷ் முறையிலிருந்து வேறுபட்டது. 1915 ஏப்ரலில் நிறுவப்பட்ட போர்ச்சிலுவை, சித்தாசியோன் எனப்படும் பெயர்க்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒருவன் செய்த செயலை ஓரிரு வாக்கியத்தில் படையாணையில் வெளியிடுவதே அக்குறிப்பு. குறிப்பு வெளிவந்த படிநிலைக்கேற்பப் பதக்கத்தின் நாடாவில் அடையாளம் ஏறும்: ரெஜிமென்ட் அல்லது பிரிகேடு ஆணையானால் வெண்கல விண்மீன், டிவிஷன் ஆணையானால் வெள்ளி விண்மீன், முழுப் படையின் ஆணையானால் வெண்கலப் பனையோலை. ஒரு ரெஜிமென்டின் அளவிலேயே பெயர்க்குறிப்புப் பெற முடிந்ததால், தலைநகரத்தின் ஒப்புதல்வரை போகத் தேவையில்லாமல், கடைநிலைச் சொல்தாவின் செயலும், ஸ்ட்ரெச்சர் தூக்கியவனின் செயலும் எழுத்தில் ஏறும் வாய்ப்பு அதிகம். அந்த ஓரிரு வாக்கியம் வீரனின் படைச்சேவைக் கையேட்டிலும் படியெடுக்கப்பட்டது.

ஆகவே மீட்புச் செயலின் சுவடு காரைக்காலில் எஞ்சியிருக்குமானால், அது கல்லில் இருப்பதைவிடத் தாளில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. நினைவுத் தூண்களின் இயல்பு அப்படி. ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் மாலை சாத்தப்படும் போர் நினைவிடங்கள், இங்கும் புதுச்சேரியிலும் பிரான்சின் ஏறக்குறைய ஒவ்வொரு சிற்றூரிலும், இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை. தோழனைச் சாவிலிருந்து இழுத்து வந்து, தானும் பிழைத்து, ஊர் திரும்பி, ஓய்வூதியம் வாங்கி, கட்டிலில் கிடந்து இறந்தவனுக்கு அக்கல்லில் இடம் கிடையாது. ஓய்வூதிய ஏடோ அவன் பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கிடும். அவன் சுமந்த ஆட்களைக் கணக்கிடாது. நம் நடுகல் மரபும் வீழ்ந்தவனுக்கே கல் நட்டது என்பதால் இக்குறையைப் பிரெஞ்சுக்காரரின் தலையில் மட்டும் ஏற்ற முடியாது.

5. கொரியாவில் ஒரு தமிழ் மருத்துவர்

மேற்சொன்ன இடைவெளிகளுக்கு மாறாக, மீட்புப் பணி முழுமையாகவும் பெயர்களோடும் பதிவாகியுள்ள நிகழ்வு, ஆற்காட்டைத் தன் பெயரில் தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையேற்ற 60ஆவது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸின் கொரியப் பணி. ஆம்புலன்ஸ் என்றதும் 108 வண்டியே இன்று நினைவுக்கு வரும். படைவழக்கில் அது மருத்துவர், மயக்க மருந்து தருவோர், செவிலிப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தூக்குவோர், ஓட்டுநர், சமையற்காரர் எல்லாரும் அடங்கிய ஒரு படைப்பிரிவைக் குறிக்கும். அடிபட்டவனை முன்னணியிலிருந்து எடுத்து, குருதியை நிறுத்தி, அறுவைச் சிகிச்சை நடக்கும் கூடாரம்வரை சேர்ப்பது அதன் வேலை.

ரங்கராஜ் 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர் இருவருள் ஒருவர். கொரியப் போருக்குப் போரிடும் படையை அனுப்ப மறுத்த நேருவின் அரசு, ஐக்கிய நாடுகளின் வேண்டுகோளுக்கு விடையாக இம்மருத்துவப் பிரிவை அனுப்பியது. 300க்கு மேற்பட்டோர் 1950 நவம்பரில் கொரியா சேர்ந்தனர். அவர்கள் வடக்கே பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே, சீனப் படையின் தாக்குதலால் ஐ.நா. படைகள் அந்நகரை விட்டுப் பின்வாங்கத் தொடங்கின. ஏற்றிச்செல்ல வண்டி இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு ஆள்கள் மட்டும் வெளியேற வேண்டிய நிலை. கருவி இல்லாத மருத்துவப் பிரிவு எவருக்கும் பயன்படாது எனக் கண்ட ரங்கராஜ் அதற்கு இணங்கவில்லை. கைவிடப்பட்டிருந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவர் பிரிவினர் தேடிப் பிடித்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி எஞ்சினின் கொதிகலனில் நீர் நிரப்பினர். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் தம்முள்ளேயே இருந்ததால் தீ மூட்டி, கருவிகளை ஏற்றி, டெய்தோங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்றுமுன் அதைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தனர். குண்டுக்கு நடுவே ஒருவனைத் தோளில் தூக்கும் காட்சி இதில் இல்லை. ஆனால் அதன்பின் மூன்றாண்டுக்கு மேல் அப்பிரிவு தூக்கிவந்த ஒவ்வொருவனின் உயிரும், அந்தக் குளிர்காலத்தில் கைமாறிய வாளிகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அதன்பின் அப்பிரிவு 27ஆவது காமன்வெல்த் பிரிகேடோடு இணைந்து முன்னணியில் பணியாற்றியது. 1951 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படைக்குழு மூன்சான் பகுதியில் குதித்தபோது, ரங்கராஜும் அவர் பிரிவினருமாக 12 பேர் அவர்களோடு குதித்துக் களத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்தனர். ஏப்ரலில் காப்யோங் பள்ளத்தாக்கில் ஆஸ்திரேலிய, கனடியப் படைகள் சீனத் தாக்குதலைத் தாங்கி நின்றபோதும் அடிபட்டோரைப் பெற்றுக்கொண்டது இப்பிரிவே. வீரர் மட்டுமல்லாமல் கொரியப் பொதுமக்களும் இவர்களிடம் மருத்துவம் பெற்றனர். ரங்கராஜுக்கும் மேஜர் என்.பி. பானர்ஜிக்கும் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. பிரிவினர் பலர் வீர் சக்ரா பெற்றனர். ரங்கராஜ் பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணிக்காக ஆப்கானிஸ்தானில் உழைத்தார்.

இவ்விருதில் ஆராயத்தக்க முரண் ஒன்று உண்டு. மகாவீர் சக்ரா பகைவர் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியது. கொரியாவிலோ இந்தியாவுக்குப் பகைவர் எவரும் இல்லை; அவர்கள் சென்றதே போரிடுவதற்கு அன்று. எனினும் புதிய குடியரசு, 1950 ஜனவரி 26 அன்று நிறுவிய தன் போர்க்கால விருதையே, சுடாமல் சுடப்பட்டவர்களுக்குத் தந்தது. சுப்பிரமணியனுக்குப் பேரரசு தயங்கிய அதே இடத்தில் குடியரசு தயங்கவில்லை. பகைவர் முன்னிலை என்பது சுடுபவனின் பக்கத்திலிருந்து அளக்கப்படாமல், குண்டு வந்து விழும் பக்கத்திலிருந்து அளக்கப்பட்டது. இது வெறும் சட்டச் சொல் நெகிழ்வு என்பார் இருக்கலாம். மீட்பைப் போர் வீரத்தின் மையத்தில் வைத்த முடிவு என்று கொள்வதே பொருந்தும்.

6. உந்துதலா, பயிற்சியா?

மீட்பு வீரத்தைப் பற்றிய பொதுக் கருத்து, அதனைக் கணப்பொழுதில் எழும் உந்துதலாகக் கொள்கிறது: தோழனின் அலறல் கேட்டது, ஓடினான். தாப்பாவின் செயலுக்கே இது பொருந்தாது. ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்து, மூடுபனியை எதிர்நோக்கி, இடைத்தங்கலுக்கு ஒரு பள்ளத்தைத் தேர்ந்து செய்த செயல் அது. சட்டா சிங் ஐந்து மணி நேரம் அசையாமல் கிடந்தார். இவற்றில் பொறுமை துணிவைவிடக் குறைந்ததன்று.

மாறாக, எல்லாமே பயிற்சியும் அமைப்பும்தான் என்று சொல்வதும் மிகை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில், 16ஆவது பீகார் படைப்பிரிவின் செவிலி உதவியாளர் நாயக் தீபக் சிங், தானே அடிபட்டபின்னும் 30க்கு மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்து உயிர்விட்டார். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே இரவில் உயிர்நீத்த இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கும் அவ்விருது வழங்கப்பட்டது. கட்டுப்போடும் முறையைத் தீபக் சிங்குக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்திருக்கும். தன் புண்ணை விட்டுவிட்டு அடுத்தவன் புண்ணைப் பார்க்கும் முடிவை அது எடுத்துத் தந்திருக்க முடியாது. அமைப்பு வழியைத் திறந்துவைக்கிறது, நடப்பவன் மனிதன். இங்கு இன்னொரு மாற்றமும் தெரிகிறது: டோலி தூக்கிக்கு வெண்கலம் வார்த்த நிலத்தில், செவிலி உதவியாளர் ஒருவரின் பெயர் வீர விருதுப் பட்டியலில் போரிட்டவர் பெயரோடு நிற்கிறது.

7. காரைக்காலில் எஞ்சியுள்ள பணி

ரங்கராஜின் பிரிவுக்கு எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தனர். அமைப்பும் அரசும் துணை நின்றன. காரைக்கால் சொல்தாவுக்கு இருந்தது ஒரு கையேடும், அதில் ஒட்டிய ஒரு தாளும். பிரான்சில் தேட இடங்கள் உள்ளன: படைவரலாற்று ஆவணங்கள் வேன்சேனிலும், படையினரின் தனிக்கோப்புகள் போ நகரிலும், அடிபட்டவர்களின் படை மருத்துவமனைப் பதிவுகள் லிமோஜிலும் உள்ளன. இவற்றுள் கடைசியானதை ஆய்வாளர் சிறப்பாக நோக்க வேண்டும். மீட்டவனின் பெயர் இல்லாத இடத்திலும், மீட்கப்பட்டவன் எந்த நாளில் எங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டான் என்பது மருத்துவமனைப் பதிவில் கிடைக்கக்கூடும். அதை ரெஜிமென்டின் பெயர்க்குறிப்போடு ஒப்பிட்டால் இரண்டு நுனிகளும் சேரும்.

ஆனால் தொடங்க வேண்டிய இடம் காரைக்கால்தான். கடற்கரைக் காற்றின் உப்பிலும் ஐப்பசி மழையின் ஈரத்திலும் பழந்தாள் நெடுநாள் தாங்காது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது இக்கரையின் வீடுகளில் என்னென்ன போயின என்பதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பிரெஞ்சில் தட்டச்சான மஞ்சள் தாளையோ, விண்மீன் பதித்த நாடாவையோ, படைச்சேவைக் கையேட்டையோ வைத்திருக்கும் சொல்தா குடும்பத்தார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு படி எடுத்து ஊரிலுள்ள கல்லூரி நூலகத்திலோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலோ சேர்த்துவைக்க வேண்டும். அந்தத் தாளின் இரண்டு வரிகளில் இன்னொரு மனிதனின் உயிர் எழுதப்பட்டிருக்கக்கூடும்.